ஏனையோர் உட்பட அறுபது ஏக்கர்

என் கடவுச்சீட்டில் முதல் முத்திரை விழுந்தது அறுபத்தோராம் வயதில். பாளையங்கோட்டையில் இருபத்தேழு வருடம் அமெரிக்க வரலாறு நடத்தியவள் நான். குடியேற்றக் காலத்தில் தொடங்கி உள்நாட்டுப் போரில் முடியும் தாள். ஜூன் மாதம் ஆட்களைக் கப்பலில் ஏற்றுவேன், மார்ச்சில் போரை முடித்துவைப்பேன். அந்த நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. "பார்க்காமலே இவ்வளவு பேசுகிறாயே, பார்த்திருந்தால் எங்கள் கதி என்ன?" என்பார் என் கணவர். ஒருவழியாகக் கடலும் தாண்டினேன். ஆனால் போனது இலங்கையின் வன்னிக்கு. போன காரியம், அமெரிக்க வரலாறு நடத்த.

எல்லாம் வாட்ஸ்அப் செய்த வேலை. ஓய்வுபெற்ற பிறகு பொழுது போகாமல் பழைய வகுப்புக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து நாலு பேருக்கு அனுப்பினேன். அது கைமாறிக் கைமாறி, மாங்குளத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு குளத்தடி ஊருக்குப் போய்விட்டது. அங்கே ஏழு பேர் வயல் வேலைக்கு நடுவே, கல்லூரிக்குப் போகாமல் தாங்களாகவே படித்துப் பட்டத் தேர்வு எழுதுகிறார்கள். ஒருநாள் ஒரு குரல் செய்தி வந்தது. "வணக்கம் ரீச்சர். நான் கலைச்செல்வி. உங்கட நோட்ஸ் நல்லா விளங்குது. அந்த அரசியலமைப்புப் பாடம் மட்டும் மண்டைக்குள்ள ஏறுதில்லை. ஒருக்கா வந்து சொல்லித் தருவியளோ?" பின்னால் ஒரு ஆடு கத்தியது. அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள் என்று பின்னால் தெரிந்தது. நான் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

முதல் நாள், கொழும்பில் ஏறிய ரயிலில் எதிரே ஒரு சிங்களத் தம்பதி. அந்த அம்மாள் மீன் வைத்த பணிஸ் என்கிற பன் ஒன்றை எடுத்து நீட்டினாள். நான் சைவம் என்பதைக் கையைக் காலை ஆட்டிப் புரியவைத்தேன். அவள் கணவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்னவென்று பக்கத்திலிருந்த தமிழர் ஒருவரிடம் கேட்டேன். முதலில் தயங்கியவர், நான் விடாமல் கேட்டதும் சொன்னார்: "மீனும் சாப்பிடாமல் இந்த உடம்பு எப்படி வந்ததாம்." நானும் சிரித்தேன். அதன் பிறகு அந்த அம்மாள் இரண்டு வாழைப்பழம் கொடுத்தாள். இறங்கும்போது பெட்டியைத் தூக்கி வைத்ததும் அவள்தான்.

மாங்குளம் நிலையத்தில் ஓட்டோ பிடித்தேன். கால போகம் என்கிற மழைக்கால நெல் அறுவடை முடிந்த நேரம். தார் ரோட்டின் ஓரமெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டோக்காரர் நெல்லில் ஏற்றக்கூடாது என்று ஒதுங்கி ஒதுங்கிப் போய், கடைசியில் ஒரு ஆணியில் ஏற்றினார். மாற்றுச் சக்கரம் இல்லை. கலைச்செல்விக்குப் போன் செய்தேன். வெயிலில் முக்கால் மணி நேரம் ஒரு பாலை மரத்தடியில் நின்றேன். அப்போது கையால் பிடித்து ஓட்டும் சின்ன உழவு இயந்திரம் ஒன்று, பின்னால் பெட்டி கோத்து, படபடவென்று வந்து நின்றது. ஓட்டிவந்தது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். தலையில் தொப்பி, சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை.

"ரீச்சர்தானே? நான் கலைச்செல்வி. பெட்டிக்குள்ள சாக்கு விரிச்சிருக்கிறன். ஏறுங்கோ. கம்பியை மட்டும் விட்டுடாதேங்கோ."

பல்லெல்லாம் ஆட, பத்துக் கிலோமீட்டர். இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அவள் ஊரைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை, கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கான கூட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் பங்கு கிடைத்தால் அவள் குடும்பம் விதைக்கும். கிடைக்காவிட்டால் அவள் கணவன் கணேசன் கொழும்புக்குக் கட்டட வேலைக்குப் போவான். போன வருடமும் அப்படித்தான் போனான், ஏழு மாதம் கழித்து முதுகு பிடித்துக்கொண்டு வந்தான். "இந்த முறை போனா ஆள் திரும்பி நடந்து வரமாட்டார் ரீச்சர்" என்றாள். அதையும் கத்தித்தான் சொன்னாள்.

இந்தப் பங்கு என்ன என்பதை நான் மெல்ல மெல்லத்தான் விளங்கிக்கொண்டேன். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது. இருக்கிற தண்ணீர் எத்தனை ஏக்கருக்குப் போதும் என்று பார்த்து, மதகுக்குக் கிட்ட இருக்கும் வயல்களை மட்டும் விதைப்பார்கள். தூரத்தில் வயல் வைத்திருப்பவருக்கும் அந்தக் கிட்டத்து வயலில் ஒரு துண்டு உண்டு. அந்த ஒரு போகத்துக்கு மட்டும், அது யாருடைய வயல் என்ற பேச்சே கிடையாது. எங்கள் தாமிரபரணிப் பாசனத்தில் போய் இந்த யோசனையைச் சொன்னால் அரிவாளோடு வருவார்கள். நான் வாயைப் பிளந்தேன்.

ஆனால் பங்கு, அரசாங்க நில பெர்மிட் உள்ளவர்களுக்கு மட்டும். பெர்மிட் வைத்திருப்பவர்கள் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து அப்பா காலத்தில் வந்து காடு வெட்டியவர்கள். கலைச்செல்வியோடு சேர்த்து எட்டுக் குடும்பங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். வாய்க்கால் முடியும் இடத்தில் இவர்களும் காடு வெட்டித்தான் வயல் செய்தார்கள். கடதாசி மட்டும் இல்லை. மழைக்காலத்தில் விளையும். சிறுபோகத்தில் வெறும் தரை.

நான் தங்கியது சிவபாதம் வீட்டில். கலைச்செல்வியின் வயல் இருக்கும் அந்த ஆறாம் வாய்க்காலின் கமக்காரர் சங்கத்துக்கு, அதாவது விவசாயிகள் சங்கத்துக்கு, அவர்தான் செயலாளர். அறுபதை ஒட்டிய வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. வகுப்புக்குச் சங்கத்தின் மண்டபத்தைத் திறந்துவிட்டதும் அவரே. அவர் மனைவி பரமேஸ்வரி இரவு இடியப்பமும், தேங்காய்ப்பால் விட்ட சொதியும் வைத்தார். எங்கள் ஊரில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. அதற்கென்று ஒரு நாள், ஒரு ஆர்ப்பாட்டம். "இதுக்கு என்னத்துக்குக் கலியாணம்? நாங்கள் தினமும் வைக்கிறனாங்கள்" என்றார் பரமேஸ்வரி. எனக்குப் பொறாமையாக இருந்தது. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் காலை வகுப்பு. ஏழு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கரும்பலகை, கூரையில் புறா. சிவபாதம் பின்னால் மேசை போட்டுக் கணக்கு நோட்டோடு, அவர் பேச்சில் கொப்பியோடு, உட்கார்ந்துகொண்டார். "நான் என்ர வேலையைப் பாக்கிறன், நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்றார். பத்து நிமிடத்தில் பேனா நின்றுவிட்டது. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டியதைச் சொன்னபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவ்வளவு தேயிலையையுமோ? வீண் வேலை பாத்திருக்கிறாங்கள்."

"வரிக்கு எதிர்ப்பு அண்ணை. அவையளைக் கேக்காமல் வரி போட்டதுக்கு" என்று கலைச்செல்வி பதில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ரீச்சர், அந்தத் தேயிலைக்குக் கொழுந்து எடுத்தது ஆர்?" என்று கேட்டாள்.

இருபத்தேழு வருடத்தில் ஒரு பிள்ளையும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. சீனாவிலிருந்து வந்தது என்று சொன்னேன். "அப்ப அவையளை ஒருத்தரும் கேக்கேல்லை" என்று சொல்லிக் குறிப்பில் எழுதிக்கொண்டாள். மண்டபம் சிரித்தது, சிவபாதமும் சிரித்தார். இப்படி ஒரு வகுப்பு அமைய நான் எத்தனையோ வருடம் தவம் கிடந்திருக்கிறேன். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வினை மூன்றாம் நாள் வந்தது. அன்று அரசியலமைப்புப் பாடம். பிலடெல்பியாவில் கூடியவர்கள், மாநிலத்தின் ஆட்கணக்கைப் பார்த்துப் பிரதிநிதிகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது என்றார்கள். தெற்கு மாநிலங்கள், எங்கள் அடிமைகளையும் சேர்த்து எண்ணுங்கள் என்றன. எண்ணினால் இடம் கூடும். வடக்கு ஒப்பவில்லை. கடைசியில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று சமரசம் ஆயிற்று. பலகையில் பெரிதாக ஐந்தில் மூன்று என்று எழுதினேன்.

"எண்ணின ஆளுக்கு வாக்கு இருக்கோ?" என்றாள் ஒருத்தி.

"வாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை."

"பிறகு என்னத்துக்கு எண்ணினவை?"

இந்த இடத்தில்தான் அவர்கள் எல்லோரும் தேர்வில் தடுக்கி விழுவது. நான் சுற்றிச் சுற்றி விளக்கினேன். யார் முகத்திலும் வெளிச்சம் இல்லை. கலைச்செல்வி மட்டும் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ரீச்சர், இது எங்கட வாய்க்கால் கணக்கு."

"எப்படி?"

"பெர்மிட் வயல் நாப்பத்தெட்டு ஏக்கர். அரசாங்கக் கந்தோருக்குத் தண்ணி கேட்டு எழுதேக்கை, 'ஏனையோர் உட்பட அறுபது ஏக்கர்' எண்டு எழுதுவினம். அந்தப் பன்ரெண்டு ஏக்கர் நாங்கள். தண்ணி அறுபதுக்குத்தான் வரும். பங்கு நாப்பத்தெட்டுக்குத்தான்."

நல்ல உதாரணம் கிடைத்தால் வாத்தியாருக்குக் கண் தெரியாது. "அப்படிப் போடு!" என்று நான் துள்ளினேன். அந்த விதியில் அடிமை என்ற சொல்லே கிடையாது, ஏனைய ஆட்கள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி, பலகையில் ஐந்தில் மூன்றுக்குப் பக்கத்தில் அறுபது, நாற்பத்தெட்டு என்றும் எழுதினேன். எழுதி முடித்துத் திரும்பியபோதுதான் சிவபாதத்தைப் பார்த்தேன். அவர் கொப்பியை மூடினார். இரண்டு பேனாவையும் பையில் செருகினார். எழுந்து போய்விட்டார்.

மத்தியானம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. பரமேஸ்வரி முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தார். ஒருவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு அவரையே பலகையில் எழுதிப்போட்டேனே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

"நாங்கள் என்ன அடிமை வச்சிருக்கிறமோ ரீச்சர்?" என்றார் சிவபாதம்.

"இல்லை ஐயா. அதுவும் இதுவும் ஒன்றில்லை. அவள் எண்ணுகிற விதத்தைத்தான் சொன்னாள்."

"என்ர அப்பு வரேக்கை இஞ்சை யானையும் மலேரியா நுளம்பும்தான். பெர்மிட்டுக்கு எத்தினை வருசம் கந்தோர் கந்தோரா அலைஞ்சவர் தெரியுமோ? கடதாசி இல்லாத ஆக்களுக்குத் தண்ணி குடுத்தா, நாளைக்குக் காட்டுக்குள்ள போற வாறவன் எல்லாம் கொட்டில் போடுவான். சட்டம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. "சட்டப்படி அவர்கள் இல்லையென்றால், எண்ணும்போது மட்டும் எப்படி ஐயா இருக்கிறார்கள்?" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "அங்கை பிறகு என்ன நடந்தது?"

"எங்கே?"

"அமெரிக்காவில. அப்பிடி எண்ணினாப் பிறகு."

"எழுபது வருடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போயிற்று. பிறகு போர்."

அந்தச் சொல்லை நான் வகுப்பில் பல நூறு தரம் சொல்லியிருக்கிறேன். இந்த ஊரில் அதைச் சொன்னது அதுதான் முதல் தரம். பரமேஸ்வரி சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். சிவபாதம் கையைக் கழுவிவிட்டு முற்றத்தில் இறங்கினார். நான் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

சாயங்காலம் கலைச்செல்வி தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வாய்க்கால் ஓரமாகவே நடந்தோம். போகப் போக வாய்க்காலில் புல் கூடியது, அவர்கள் வயலடியில் அது வெறும் பள்ளம். படலையைத் திறந்ததும் அவள் பேச்சு மலையகத் தமிழுக்கு மாறியது. "ஏங்க, அம்மா வந்திருக்காங்க. தண்ணி கொண்டாங்க. ஒக்காருங்கம்மா." நான் அவளையே பார்த்தேன். "வெளிய பேசுறது வேற, வீட்டுல பேசுறது வேறங்க" என்று சிரித்தாள். தேங்காய்ப்பூ போட்ட ரொட்டியும் உறைப்பான சம்பலும் தந்தாள். சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத சாயத் தண்ணி குடித்தோம். மூலையில் ஒரு பயணப் பை நிறைந்து, ஜிப் போட்டு, தயாராக இருந்தது. கணேசனுடையது. எல்லோரும் அதைப் பார்க்காமல் பேசினோம்.

"நாளைக்குக் கூட்டத்தில் என்ன செய்யப் போறே?" என்று கேட்டேன்.

"கேக்கத்தாங்க போறேன். இத்தன நாளும் பங்கு தாங்க, பங்கு தாங்கன்னு கெஞ்சுனோம். கணக்கக் கேட்டதில்ல."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நான் இன்னும் இரண்டு நாளில் ரயில் ஏறிவிடுவேன். அவள் இங்கேயே இருக்க வேண்டியவள். மண்டபம், சிவபாதத்தின் முகம், பக்கத்து வயல்காரன் எல்லாம் அவளுக்கு வேண்டும். அதைச் சொன்னேன். "தெரியுங்கம்மா" என்றாள்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. கரும்பலகையில் என் எழுத்து அழியாமல் அப்படியே இருந்தது. நீர்ப்பாசனக் கந்தோரிலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் வந்திருந்தார். குளத்தில் இருக்கும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு வயலுக்குத்தான் போதும் என்றார். ஒவ்வொரு வாய்க்காலாக ஏக்கர் கணக்கை வாசித்தார்கள். சிவபாதத்தின் முறை வந்தது. எழுந்தார், கொப்பியை விரித்தார். "ஆறாம் வாய்க்கால். ஏனையோர் உட்பட..."

"ஐயா, ஒண்டு சொல்ல வேணும்" என்று கலைச்செல்வி எழும்பினாள். "ஒண்டில் எங்களை எண்ணாதேங்கோ. எண்ணுறதெண்டால் பங்கு தாங்கோ. ரெண்டில ஒண்டு சொல்லுங்கோ."

ஒரே கூச்சல். "பெர்மிட் இல்லாத ஆக்களுக்கு என்ன கதை?" என்று ஒருவர் கத்தினார். "எண்ணாட்டி எங்களுக்கும் தண்ணி குறையுமெல்லோ, விசரே?" என்று இன்னொருவர் அவரை அடக்கினார். உத்தியோகத்தர் தாளைப் பார்த்தார். "ஏனையோர் எண்டா ஆர் ஐயா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

சிவபாதம் நாற்பத்தெட்டு என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் வாய்க்காலுக்கே நஷ்டம். ஆனால் வாக்குவாதம் அதோடு முடிந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். கொப்பியை மூடினார். மூன்றாம் நாள் மூடியது போலத்தான் மூடினார், எழுந்து போகப் போகிறார் என்றே நினைத்தேன்.

"எழுதுங்கோ தம்பி" என்றார். "பெருமாள் மாரிமுத்து. சின்னையா ராமசாமி. காளிமுத்து செல்லம்மா..." தகப்பன் பேரோடு ஒவ்வொன்றாகச் சொன்னார். கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. இத்தனை வருடம் ஏனையோர் என்று எழுதிய மனிதர், அத்தனை பேரையும் மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார். ஏழு பேர் ஆயிற்று. எட்டாவது கணேசன் பேர் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் கலைச்செல்வியின் பக்கம் திரும்பினார். "கணேசன் கலைச்செல்வி" என்றார்.

மறைக்க என்ன இருக்கிறது, அழுதுவிட்டேன்.

பிறகும் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். கலைச்செல்வியின் கை பாதி எழும்பி, பிறகு மடிக்கு வந்தது. பெர்மிட் உள்ளவர்கள்தான் கை தூக்கலாம். நாலு கை கூடுதலாக வந்து தீர்மானம் நிறைவேறியது. குடும்பத்துக்கு அரை ஏக்கர். இந்த ஒரு போகத்துக்கு மட்டும். அடுத்தது அடுத்த முறை பார்ப்போம் என்று எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை நான் புறப்படும் முன்பே சிவபாதம் வயலில் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார். கலைச்செல்விக்கு விழுந்த அரை ஏக்கர் அவருடைய சொந்த வயலில், மதகுக்கு நேர் கீழே. மறுமுனையில் கயிற்றைப் பிடித்து நின்றது கணேசன். என்னைக் கண்டதும் சிவபாதம் வரப்புக்கு வந்தார்.

"போயிட்டு வாங்கோ ரீச்சர். திரும்பவும் வாங்கோ. வந்தா அமெரிக்காவை அமெரிக்காவில வையுங்கோ."

முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் பரமேஸ்வரி கட்டிக்கொடுத்த பொதியில் இடியப்பத்தோடு ஒரு போத்தல் சொதியும் இருந்தது. அதை வைக்கச் சொன்னது இவர்தான் என்று பரமேஸ்வரி காதில் சொன்னார்.

மாங்குளத்துக்குத் திரும்பவும் அதே பெட்டி, அதே சாக்கு. நிலையத்தில் ரயிலுக்கு நேரம் இருந்தது. கலைச்செல்வி குறிப்புக் கொப்பியை எடுத்தாள்.

"ரீச்சர், பேப்பரில அந்த ஐந்தில மூண்டு கேள்வி வந்தால், சும்மா ஏனைய ஆக்கள் எண்டு எழுத எனக்கு மனமில்லை. எண்ணின ஆக்களில ஒரு ஆளின்ர பேர் சொல்லுங்கோ."

பிலடெல்பியாவில் கையெழுத்துப் போட்டவர்கள் முப்பத்தொன்பது பேர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எண்ணப்பட்டவர்களில் ஒருவர் பேர்கூட அப்போது என் வாயில் வரவில்லை. இருபத்தேழு வருடம். வெட்கமாக இருந்தது. "தேடிச் சொல்றேம்மா" என்றேன். ரயில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் கணினி முன்னால் உட்கார்ந்தேன். பழைய பண்ணைக் கணக்குகளில், மாட்டுக்கும் கலப்பைக்கும் நடுவே, பேர்கள் இருந்தன. வயதோடு, செய்த வேலையோடு. தேடியவருக்குக் கிடைக்கும் இடத்தில்தான் இருந்தன. தேர்வுக்கு முந்தின நாள் நான்கு பேரை எழுதி அனுப்பினேன்.

உடனே குரல் செய்தி வந்தது. பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம்.

"கிடைச்சது ரீச்சர். இன்னும் நாலு பேரைத் தேடி அனுப்புங்கோ. எட்டு வேணும்."